"ஓடு" என்றான்

திரையில் இன்ஸ்பெக்டர் தன் காதலனின் கைவிலங்கைக் கழற்றி, "ஓடு" என்றான்.

இளம்பரிதிக்குக் கண் கலங்கியது. "வேலை போனாலும் பரவாயில்லைன்னு விடுறான் பாரு."

மஃப்டியில் வந்திருந்த சப்-இன்ஸ்பெக்டர் தாமோதரன், இருட்டில் அவன் விரல்களைக் கோத்தபடியே பொறுமையாக விளக்கினான். "விலங்கு போட்டவனைச் சுட்டா கேள்வி வரும்டா. தப்பி ஓடுறவனைச் சுட்டா வராது. இவன் உயிரோட இருந்தா, அந்த இன்ஸ்பெக்டர் யாருன்னு என்னைக்காவது ஸ்டேஷனுக்குத் தெரிஞ்சிடும்ல?"

"காதலிச்சவனையா?"

"முகத்தைப் பாத்துச் சுட முடியாது. அதுக்குத்தான் ஓடச் சொல்றான்."

"நீயா இருந்தா?"

தாமோதரன் சிரித்து மழுப்பவில்லை. யோசித்தான்.

இடைவேளை விட்டார்கள். விளக்கு எரியும்போது எப்போதும் தாமோதரன்தான் முதலில் கையை எடுப்பான். இன்று அவன் எடுக்கப் பார்த்தபோது, அவன் விரல்களுக்குள் எதுவும் இல்லை.