திறக்கப்படாத மெயில்

"சார் மெயிலைத் திறந்தது நீங்கதானாக்கா?"

ரிசப்ஷன் அக்கா போனைக் கீழே வைத்தாள்.

கேட்டவளை அலுவலகத்தில் எல்லாரும் 'சிஸ்டம் மேடம்' என்பார்கள். கம்ப்யூட்டர், பிரின்டர், மெயில் என்று எது படுத்தாலும் அவள் தலையில்தான் விழும்.

அந்த மெயிலில் ஒரு ஓட்டை இருந்தது. நம் மெயில் பெட்டியைத் திறந்துவிட்டு, திரையின் மேலே தெரியும் முகவரியின் கடைசி எண்ணை மாற்றினால் போதும். அடுத்தவர் பெட்டி பாஸ்வேர்டு கேட்காமலே திறந்துகொள்ளும். அடைக்க அரை நாள் மெயிலை நிறுத்த வேண்டும். மேனேஜரைச் சம்மதிக்க வைக்கவே ஒரு மாதம் ஆகிவிட்டது.

இன்று காலையில்தான் அடைத்து முடித்தாள். முதுகு விண்விண்ணென்று வலித்தது. அதற்குள் யாராவது நுழைந்திருக்கிறார்களா என்று பதிவுகளைப் புரட்டியபோது சிக்கியது. மூன்று வாரத்துக்கு முன்னால், ரிசப்ஷன் கம்ப்யூட்டரிலிருந்து யாரோ மேனேஜரின் பெட்டியைத் திறந்து ஒரு மெயிலை அழித்திருந்தார்கள்.

"இப்படி ஓட்டை இருக்குன்னு உங்ககிட்டதான் புலம்பினேன். நீங்களே அதுல நுழைஞ்சிருக்கீங்க."

"தப்புதான்மா."

"நான் ரிப்போர்ட் எழுதியாகணும். உங்க வேலை போயிடும்க்கா. அதுவும் சார் பெட்டியிலயா கை வெப்பீங்க? அவரை மாதிரி பெரிய மனசுக்காரரை நான் பார்த்ததே இல்ல."

"எழுதிக்கோ. அழிச்சது என்னன்னு பார்த்துட்டு எழுது."

சிஸ்டம் மேடம் அலுப்போடு லேப்டாப்பை அங்கேயே விரித்து, பேக்கப்பிலிருந்து அந்த மெயிலை மீட்டாள்.

திறக்கப்படாத மெயில். தலைப்பு: ராஜினாமா.

அனுப்பியவர் பெயர் அவளுடையதே.

"லீவு தரலைன்னு கோவத்துல அனுப்பிட்டு, மறுநாள் காலைல இங்க வந்து கண்ணைக் கசக்கிட்டு நின்னே. உன் வீட்டுக்காரருக்கும் அப்ப வேலை இல்ல. நீ நெனச்சிருந்தா நீயே எடுத்திருக்கலாம். அடுத்தவங்க பெட்டியைத் தொடமாட்டேன்னுட்டே. சார் வர்றதுக்குப் பத்து நிமிஷம்தான் இருந்துச்சு."

சிஸ்டம் மேடம் பக்கத்து நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

"படிச்சும் படிக்காத மாதிரி விட்டுட்டார்னு, மூணு வாரமா அவர் வரும்போதெல்லாம் எழுந்து நின்னுட்டிருந்தேன்க்கா."