அப்பாவின் சீட்

சுரங்க ரயில் நிலையத்தின் வெள்ளை வெளிச்சத்தில் அவன் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறான். இன்னொரு கையில் மகளுடைய குட்டிக் குடை. அப்பாவுக்கு இடம் பிடிக்கிறேன் என்று அவள் முன்னால் ஓடி ஏறியதுமே கதவு சாத்திக்கொண்டது, ரயில் போய்விட்டது. "அடுத்த ஸ்டேஷன்ல இறங்கிட்டா சார். ஒரு லேடி கூட்டிட்டு வர்றாங்க" என்று காவலாளி இரண்டாம் முறையாகச் சொல்கிறார். அவன் தலையை ஆட்டிவிட்டு, ரயில் போன இருட்டையே பார்க்கிறான். குடையின் பொத்தானைப் போடுகிறான், எடுக்கிறான், மறுபடி போடுகிறான். எதிர்ப்பக்கத்திலிருந்து முதலில் காற்று வருகிறது, அப்புறம் இரைச்சல், அப்புறம் ரயில். கதவு திறந்ததும் ஓடிப்போய், இறங்குகிற கூட்டத்துக்கு நடுவிலேயே மண்டியிட்டு மகளை அள்ளிக்கொள்கிறான். அவளோ முகத்தை உம்மென்று வைத்திருக்கிறாள். "ஏம்ப்பா நீ ஏறவே இல்ல?" அவன் அவளைத் தூக்கிக்கொண்டு எழுகிறான். கூட்டிவந்த பெண்ணைப் பார்த்துக் கைகூப்புகிறான். அந்தப் பெண் வலிக்கிற காலை மாற்றி வைத்துச் சிரிக்கிறாள். "பக்கத்து சீட் காலியாத்தான் இருந்துச்சு. இவ அதுல தன் பையை வச்சுட்டு, எங்கப்பா வருவாருன்னு ரெண்டு ரயில்லயும் என்னை உட்காரவே விடலைங்க."