ஆறு புது ஜன்னல்

மினசோட்டாவில் ஜனவரிக் கடைசி. சமையலறை மேஜையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு, வரிக் கணக்கு மென்பொருள் கேட்ட கேள்விகளை வாசித்தாள் மார்லிஸ். பக்கத்தில் காபிக் கோப்பையுடன் வெண்டல்.

"வீட்டுல சூடு வீணாகாம இருக்க ஏதாவது மாத்தினீங்களான்னு கேக்குது."

"ஆறு ஜன்னல். ரெட்டைக் கண்ணாடி போட்டது. இந்தா ரசீது. வரியில அறுநூறு டாலர் கழியுமாம்."

"ஆறுமா?" மார்லிஸின் விரல் நின்றது. "பன்னெண்டு குளிர்காலம் கேட்டேன். குளிர் வராம ஜன்னல் மேல பிளாஸ்டிக் தாளை ஒட்டி, அது இறுக ஹேர் டிரையர் சூட்டைக் காட்டுன்னுதானே சொன்னே?"

"அப்ப கையில காசில்ல."

"இப்ப மட்டும் மரத்துல காய்ச்சுதாக்கும்."

"அவ குளிருதுன்னு சொன்னா, போட்டுட்டேன். விடேன்."

முதலிலேயே அவள் தாண்டிவந்த கட்டம் ஒன்று மட்டும் காலியாக இருந்தது: மனைவியின் பெயர். பல்லைக் கடித்துக்கொண்டு 'லொரெய்ன்' என்று தட்டினாள். மார்லிஸுக்கும் வெண்டலுக்கும் மணமுறிவாகி நான்கு வருடமாகியும், அவனுடைய வரிக் கணக்கு மட்டும் அவளிடம்தான் வந்துகொண்டிருந்தது.

திரையில் அறிவிப்பு வந்தது. ஜன்னல் சலுகைக்கான படிவம் பிப்ரவரி கடைசியில்தான் தயாராகும்.

"அப்ப அது இல்லாமலே அனுப்பிடு" என்றான் வெண்டல்.

"அறுநூறு டாலரை விடுவியா? அடுத்த மாசம் இன்னொரு தடவை வா. முடிச்சித் தரேன்."

அவன் தலையாட்டிவிட்டுக் கிளம்பினான்.

'இந்த வருஷம் சீக்கிரமே முடிச்சிடலாம், வா' என்று அவனைக் கூப்பிடுவதற்கு முன்பே, அவன் ஜன்னல் மாற்றிய சேதி அவள் காதுக்கு வந்திருந்தது; அந்த அறிவிப்பையும் அவள் படித்திருந்தாள்.