நடுவில் ஐந்து பேர்

"இன்னாக்கா அநியாயம் இது? ஃபைனல்ல போய் என்னை உக்கார வெக்கிறீங்க?"

ஸ்வர்ணலதா போட்ட சத்தத்தில் கோட்டை மைதானத்து ஐஸ் வண்டிக்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார். பின்னே, கோபம் வராதா? ஆரணி மகளிர் கால்பந்து அணிக்கு ஆறு வருஷமாக அவள்தான் ஸ்டாப்பர், கோலுக்கு முன்னால் நின்று தடுப்பவள். அடுத்த மாதம் கல்யாணம். மாப்பிள்ளை வீடு தேவிகாபுரம். பந்து, பூட்ஸ் பேச்சையெல்லாம் பிறந்த வீட்டோடு விட்டுவிட வேண்டும் என்று நிச்சயதார்த்தத்திலேயே சொல்லிவிட்டார்கள். இதுதான் அவளுக்குக் கடைசி ஆட்டம்.

கோச் பரிமளா அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை.

"பின்னாடி மூணு பேர் போதும். நடுவுல அஞ்சு, முன்னாடி ரெண்டு. பந்து நம்ம கால்லயே இருக்கணும். போச்சுன்னா அங்கயே சுத்தி வளைச்சுப் புடுங்குங்க. உசரமா வந்தா கீப்பர் கைக்கு முட்டி வுடாதீங்க, வெளிய அடிச்சுத் தள்ளுங்க."

"களம்பூர்க்காரிங்க ஓட்டம் தெரியும் இல்ல? ஒரு பந்து தூக்கிப் போட்டா போதும், பின்னாடி காலியா கெடக்கும். கோல்ல சரண்யா ஒண்டியா மாட்டிகினு முழிப்பா!"

"உக்காருடி."

உட்கார்ந்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு தொண்ணூறு நிமிடமும் பார்த்தாள்.

வயிற்றெரிச்சல் என்னவென்றால், திட்டம் பலித்தது. நடுவில் இருந்த ஐந்து பேரும் பந்தை ஆளுக்கு ஆள் மாற்றிக்கொண்டே இருந்தார்கள். பறிகொடுத்தால் மூன்று பேர் பாய்ந்து பிடுங்கினார்கள். களம்பூர் அணியால் மையக்கோட்டைத் தாண்டவே முடியவில்லை. கடைசியில் ஒன்றுக்குப் பூஜ்யம். கோப்பை ஆரணிக்கு.

எல்லோரும் குதித்தார்கள். ஸ்வர்ணலதா நேராகப் பரிமளாவிடம் போனாள்.

"சந்தோசமாக்கா? நான் இல்லாமயே ஜெயிச்சுட்டீங்க. உங்களுக்கு நான் இன்னா கெடுதல் பண்ணேன்?"

பரிமளாவுக்கும் பொறுமை போய்விட்டது. "என்னை ஏன்டி கேக்கற? உன்னை எடுத்துட்டு நடுவுல ஒருத்திய சேருங்கன்னு சொன்னதே சரண்யாதான்!"

சரண்யாவா? ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. கல்யாணப் பட்டுக்குக்கூட அவள் சொன்ன பார்டரைத்தானே எடுத்தாள்? ஸ்வர்ணலதாவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

கோல் கம்பத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள் சரண்யா.

"எழுந்திருடி துரோகி! என் கடைசி மேட்ச்சுல மண்ணை அள்ளிப் போட்டியே, நீ நல்லா இருப்பியா?" என்று அவள் வலது கையைப் பிடித்து இழுத்தாள்.

"ஐயோ, அம்மா!"

கிளவுஸ் பாதி கழன்றது. உள்ளே இரண்டு விரல்கள் கத்திரிக்காய் மாதிரி வீங்கி நீலம் பாரித்திருந்தன.

"இன்னாடி இது?"

"ஒடைஞ்சிருக்கு. நமக்கு வேற கீப்பர் ஏது? வெளிய தெரிஞ்சா களம்பூர்க்காரிங்க எங்கிருந்து வேணா அடிப்பாங்க. பந்து என்கிட்ட வரவே கூடாதுன்னுதான் நடுவுல அஞ்சு பேர்."

"அதுக்கு என்னை ஏன்டி தூக்கச் சொன்ன?"

"நீ தலையால முட்டி என் கைக்குத்தானே தள்ளுவ? ஆறு வருசப் பழக்கம், மாறுமா?"

"சொல்லித் தொலைச்சிருந்தா மாத்திகினு இருக்க மாட்டேனா? என்கிட்ட போய் மறைச்சியே!" ஸ்வர்ணலதாவுக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. "எந்தப் பாவிடி ஒடைச்சா? பேரைச் சொல்லு, அவளை இன்னிக்கு உண்டு இல்லைன்னு ஆக்கிடறேன்!"

சரண்யா கையை மெதுவாக விடுவித்துக்கொண்டாள்.

"வியாழக்கிழமை பிராக்டிஸ்ல உன் பெனால்டியத் தடுத்தேன் இல்ல, அப்பதான்டி."