கைராசிக்காரர்

“வெக்கத்தைப் பார்த்தீங்களா! அந்தக் காலத்து மாப்பிள்ளைன்னா அப்படி!”

சரவணமுத்து மைக்கில் கூவியதும் அறுநூறு நாற்காலிகளும் கைதட்டின. கல்யாணப் பொன்விழா மேடையின் பின்சுவர் முழுக்க, ஐம்பது வருடத்துக்கு முந்தைய கல்யாணப் படம் ஃபிளெக்ஸாகத் தொங்கியது. மணப்பெண் குஞ்சம்மாள் கண்ணை அகல விழித்து நேரே பார்க்கிறார். பக்கத்தில் மாப்பிள்ளை கருப்பண்ணன், தாடை நெஞ்சில் இடிக்கத் தலையைத் தொங்கப்போட்டிருக்கிறார்.

பெண்ணின் கழுத்துக்குப் பின்னால், மஞ்சள் கயிற்றைப் பிடித்தபடி இரண்டு வளையல் கைகள் மட்டும் தெரிந்தன. அவை கருப்பண்ணனின் அக்கா பாவாயியின் கைகள். மாப்பிள்ளை முதல் முடிச்சைப் போட, மற்ற இரண்டையும் நாத்தனார் போடுவது ஊர் உலகத்தில் நடப்பதுதானே.

பாவாயியின் முகத்தைக் காணோம். “புருசன் செத்தவ மூஞ்சி மேடையில எதுக்கு?” என்று கருப்பண்ணன் வெட்டச் சொல்லிவிட்டார். கையையும் வெட்டினால் குஞ்சம்மாளின் கழுத்தும் சேர்ந்து போய்விடும் என்று ஃபிளெக்ஸ்காரர் சொன்னதால் கைகள் பிழைத்துக்கொண்டன.

நாமக்கல் வட்டாரத்தில் இருபது வருடமாக மைக் பிடிக்கிறார் சரவணமுத்து. எத்தனையோ கஞ்சர்களை வள்ளல் என்று சொன்ன வாய், இன்று என்னவோ கூசியது. தாளில் எழுதித் தந்திருந்த ஒன்பது பட்டங்களில் ‘முட்டை உலகின் முடிசூடா மன்னர்’ வரை பல்லைக் கடித்துக்கொண்டு வாசித்துவிட்டார். கடைசிப் பட்டம், ‘கைராசிக் களஞ்சியம்’.

அதுதான் கருப்பண்ணனுக்கு உயிர். அவர் தொட்டுக் கொடுத்த தாலி கெட்டியாக நிலைக்கும் என்று சேந்தமங்கலம் பக்கம் ஒரு பேச்சு உண்டு. அதைப் பரப்பியவரும் அவரேதான். எந்த வீட்டுக் கல்யாணமானாலும் தாலித் தட்டை முதலில் அவரிடம் நீட்டுவார்கள். அவர் கண்ணை மூடி, நாலு மோதிரமும் மின்ன, ஒரு தடவு தடவுவார்.

இப்போது மைக்கைப் பிடுங்கிக்கொண்டு வலக்கையைத் தூக்கிக் காட்டினார். “இந்தக் கை கட்டுன தாலிங்க! அம்பது வருசம், ஒரு நூலு அந்துபோகல. இன்னிக்கு மறுக்காக் கட்டப் போறனுங்க, நல்லாப் பார்த்துக்கங்க!”

தலைக்கு மேலே ட்ரோன் ஒன்று அந்தக் கையையே சுற்றி, ஈ மாதிரி இரைந்தது. பன்னீர் மெஷின் புஸ் புஸ்ஸென்று பீய்ச்சியது. அதையும் மீறிக்கொண்டு அவர் மேலிருந்து கோழிப்பண்ணை வாடை வந்தது.

பக்கவாட்டுக் கதவு வழியே பந்தி தெரிந்தது. எழுபத்தேழு வயதுப் பாவாயி, வெள்ளைச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு எச்சில் இலைகளை மடித்துக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தார். வேலைக்கு ஆள் இல்லாமல் இல்லை. முகூர்த்தம் முடியும்வரை அக்கா கண்ணில் படாமல் இருக்கட்டும் என்று தம்பி ஒதுக்கிய வேலை அது.

தவில் முழங்கியது. கருப்பண்ணன் புதுத் தாலியோடு குனிந்தார். குஞ்சம்மாள் இரண்டு கையாலும் கழுத்தை மூடிக்கொண்டார்.

“அண்ணி வரட்டுமுங்க. அப்புறங் கட்டிக்கலாம்.”

“எந்த அண்ணி?”

“உங்கக்காதான். அவங்க இங்க எம் பக்கத்துல நிக்கோணும்.”

“ஏ புள்ள, புத்தி கெட்டுப்போச்சா? தாலியறுத்தவ கண்ணு பட்டா எங் கைராசி என்னத்துக்காகும்?” கேமரா ஓடிக்கொண்டிருந்ததால் முகத்தில் சிரிப்பை ஒட்டவைத்துக்கொண்டு அடிக்குரலில் சீறினார். “நேரம் போகுது. கையெடு.”

“அவங்க வராம எடுக்க மாட்டனுங்க.”

நாதஸ்வரக்காரர் ஊதுவதா வேண்டாமா என்று விழித்தார். முன்வரிசையில் முணுமுணுப்பு கிளம்பியது. “அம்மாவுக்கு இப்பத்தான் வெக்கம் வருதாட்ட இருக்குது!” என்று சரவணமுத்து இன்னொரு மைக்கில் சமாளித்தார். சொன்ன கையோடு வாயைக் கொப்பளிக்க வேண்டும்போல் இருந்தது அவருக்கு.

“சுமங்கலி ஒருத்திதான வேணும்? மகளக் கூப்பிடு, மருமகளக் கூப்பிடு. சொல்லய்யா மைக்குல!” என்று அதட்டினார் கருப்பண்ணன்.

சரவணமுத்து கதவுப் பக்கம் பார்த்தார். சத்தம் கேட்டு நிமிர்ந்த பாவாயி, சோற்றுப் பருக்கை ஒட்டிய கையோடு மேடையை ஒரு கணம் பார்த்தார். பார்த்ததே குற்றம் என்பதுபோலச் சட்டென்று தூணுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டார்.

சரவணமுத்து தன் கையிலிருந்த மைக்கைக் கருப்பண்ணனைத் தாண்டிக் குஞ்சம்மாளிடம் நீட்டினார். “நீங்களே சொல்லிருங்கம்மா.”

குஞ்சம்மாள் அதை வாங்கிக்கொண்டு எழுந்தார். முதலில் திரும்பி, சுவரில் தலை தொங்கிய மாப்பிள்ளையைக் காட்டினார்.

“அது வெக்கமில்லீங்க, கள்ளு. மணவறையில உக்கார வெச்சதும் சாஞ்சவரு, வெயிலு தாழத்தான் கண்ணு முழிச்சாரு.”

கருப்பண்ணன் தன் வலக்கையை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல் வேட்டி மடிப்பில் தேய்த்தார். குஞ்சம்மாள் பந்திப் பக்கம் விரலை நீட்டினார்.

“மூணு முடிச்சும் போட்ட ராசியான கை அங்க எச்செல எடுத்துட்டிருக்குது, கூட்டியாங்க.”