ஜாபர் பாய் குத்தாத முத்திரை

"என் கையால இதுக்கு முத்திரை விழாது தம்பி," என்றார் ஜாபர் பாய்.

ரங்கூனில், க்யிம்யிண்டைங் படகுத்துறைப் பக்கம் ஒரு வார்டு ஆபீஸ். வருஷம் தொண்ணூற்றேழு. அங்கே பாய்தான் பெரிய கிளார்க். எதிரே நின்றவன் சிவராஜ், துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன்.

"எங்க ரெண்டு பேருக்கும் இதுவரைக்கும் கல்யாணம் ஆகலைன்னு ஆளுக்கொரு சான்றுதானே பாய் கேக்கறேன்? அது இல்லாம எனக்கும் தஸ்லீமாவுக்கும் கோர்ட்டுல பதிய மாட்டாங்க."

"எதுக்குக் கேக்கறேன்னு தெரியும். எங்க மார்க்கத்துப் பொண்ணு நிக்காஹ் இல்லாம உன்னைக் கட்டிக்க நான் துணை போனா, நாளைக்கு அல்லாஹ்கிட்ட யார் பதில் சொல்றது? நீயா வருவே?"

"சட்டம் தடுக்கலையே பாய். சர்க்கார் சம்பளம்தானே வாங்கறீங்க?"

"அதுக்காக மார்க்கத்தைக் கழட்டி வீட்டு ஆணியில மாட்டிட்டு வர முடியுமா?"

சிவராஜின் குரல் இறங்கியது.

"ஞாயித்துக்கிழமை அவளை மௌல்மீனுக்கு அனுப்பறாங்க பாய். அங்கே மாப்பிள்ளை பார்த்தாச்சு. அதுக்குள்ள பதியலைன்னா அவ்வளவுதான்."

ஜாபர் பாய் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒரு மணிக்கு வா. அந்தப் பொண்ணையும் கூட்டிட்டு வா."

மனுஷன் இறங்கி வந்துவிட்டார் என்று சிவராஜுக்குத் தலைகால் புரியவில்லை.

வெள்ளிக்கிழமை இருவரும் வந்தார்கள். பாயின் நாற்காலி காலி.

தஸ்லீமா தலையில் அடித்துக்கொண்டாள்.

"இந்த நேரத்துக்கா வரச் சொன்னார்? இன்னிக்கு ஜும்மா. எந்த பாய் ஆபீஸ்ல உக்காந்திருப்பார்? இத்தனை வருஷமா எங்க தெருவையே சுத்தி வந்தே, இதுகூடத் தெரியலையா உனக்கு?"

"எனக்கு உறைக்கவே இல்லையே," என்றான் சிவராஜ். "வேணும்னே அலைய விட்டிருக்கார். இன்னிக்கு விட்டா கோர்ட்டு திங்கக்கிழமைதான். பக்தியாம், பெரிய பக்தி."

பக்கத்து மேஜையில் அத்தோ சாப்பிட்டுக்கொண்டிருந்த டோ மியா செயின் என்ற பர்மியக்கார அம்மா, "என்ன வேணும்?" என்று பர்மிய மொழியில் கேட்டார்.

சொன்னார்கள்.

அந்த அம்மா கையைக் கழுவிக்கொண்டு வந்தார். பாயின் டிராயரைத் திறந்து முத்திரையை எடுத்தார். இரண்டு சான்றிலும் குத்தினார். கையெழுத்தும் போட்டார்.

தஸ்லீமா அழுதேவிட்டாள்.

"நல்லவேளை, அந்த ஆள் இல்லாத நேரமாப் போச்சு," என்றான் சிவராஜ். "இருந்திருந்தா கெடுத்திருப்பார்."

டோ மியா செயின் அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"அவர் இல்லாதப்போ நான் குத்தலாம்னு விதி இருக்கு. ஆனா தொழப் போனாலும் டிராயர் சாவியைக் கைலியில முடிஞ்சுக்கிட்டுத்தான் போவார். இன்னிக்கு என் மேஜையில வச்சார். ரெண்டு பேர் வருவாங்க, அவங்க கல்யாணத்துல உங்க புத்தருக்கு ஏதாவது ஆட்சேபணை உண்டான்னு கேட்டார். இல்லைன்னேன்."

"அப்புறம்?"

"அப்போ நீயே குத்திக் குடும்மா, கோர்ட்டு மூடறதுக்குள்ள அனுப்பிடுன்னு சொல்லிட்டு, ஜும்மாவுக்குக் கிளம்பிட்டார்."