தரை போடாத விளையாட்டு

யார் வேண்டுமானாலும் வீடியோ கேம் செய்யலாம் என்று சொன்ன அந்த மென்பொருளில் தமயந்தி முதலில் வரைந்தது தன்னைத்தான். நீல நைட்டியும் கொண்டையுமாக அந்தப் பொம்மையைத் திரையின் நடுவே வைத்து, ஓடவிடும் பொத்தானை அழுத்தினாள். பொம்மை நேராகக் கீழே விழுந்து திரையை விட்டே போய்விட்டது.

காபி ஆற்றிக்கொண்டிருந்த கணவர் எத்திராஜ் எட்டிப் பார்த்துச் சிரித்தார். "தரை போட மறந்துட்டியா? நிறுத்து, பழையபடி மேல வந்துடும்."

தமயந்தி நிறுத்தவில்லை. பொம்மை எவ்வளவு கீழே போயிருக்கிறது என்று காட்டும் எண் ஓரத்தில் ஓடிக்கொண்டே இருந்தது. நிறுத்திவிட்டால், அது எங்கே போய்ச் சேரும் என்று எப்படித் தெரியும்? சமையலுக்கு நடுவே வந்து வந்து பார்த்தாள். இருபதாயிரத்தைத் தாண்டும்போது சாம்பார் அடிப்பிடித்தது.

சாப்பிட உட்கார்ந்தபோது எண் அறுபத்தோராயிரத்தில் நின்றது. அங்கே அவள் எதையும் வரைந்திருக்கவில்லை.

"ஹேங் ஆயிடுச்சு," என்றார் எத்திராஜ்.

ஆகவில்லை. பக்கவாட்டில் நகர்ந்தால் மட்டும் மாறுகிற இன்னோர் எண் மெதுவாக, ஆள் நடக்கிற வேகத்தில் ஏறத் தொடங்கியது. நடப்பதற்கான விசை எதையும் அவள் இன்னும் அமைக்கவே இல்லை.

எத்திராஜின் கை நிறுத்தும் பொத்தானை நோக்கி நீண்டது. தமயந்தி அதை எச்சில் கையாலேயே எட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"இருங்க," என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "எங்க போறேன்னு பாக்கணும்."